ஒரு பாட்டு, இரண்டு பிளேட்டு

கிராமபோன் பெட்டி வீட்டுக்குள் நுழைந்த நாள் முதல் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கு நடந்து வருகிறது. கிராமபோன் போய் ரேடியோ வந்தது. ரேடியோவுக்குப் பின் காஸெட்டும், அதற்குப் பின் கைப்பேசியும் வந்துவிட்டன. வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை. "இந்தக் கீர்த்தனத்தை இப்படித்தான் பாட வேண்டும், பிளேட்டில் அப்படித்தானே இருக்கிறது!" என்று ஒரு கட்சி. "எங்கள் பாட்டு வாத்தியார் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லையே!" என்று மறு கட்சி. முதல் கட்சிக்குச் சாட்சி ஒரு யந்திரம். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வந்து, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னதையே சொல்லும். இரண்டாவது கட்சிக்குச் சாட்சி, காலஞ்சென்ற ஒரு வாத்தியாரைப் பற்றிய ஞாபகந்தான். தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாரம் அந்த வழக்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன். என் வாதம் இதுதான்: ஒரு பாட்டுக்கு ஒரே ரிகார்டை வைத்துக்கொண்டு சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. குறைந்தது இரண்டு கேட்க வேண்டும். மூன்று கேட்டால் நலம். அப்படிக் கேட்பதை ஒரு பொழுதுபோக்காக நான் சொல்லவில்லை. நம் ஸங்கீதம் எப்படிப் பிழைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதற்கே அது வழி.

முதலில் சற்றுக் கடல் கடந்து போய்ப் பார்ப்போம். ஐரோப்பிய ஸங்கீதத்தில் 'ஸிம்பொனி' என்று ஒன்று உண்டு. எண்பது, நூறு வாத்தியக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து வாசிக்க வேண்டிய பெரிய உருப்படி அது. வயலின்காரர் எந்த இடத்தில் எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும், எக்காளக்காரர் எத்தனை மாத்திரை மௌனமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். நம் ஊர்க் கச்சேரியில் பாகவதர் திடீரென்று உற்சாகம் கொண்டு நான்கு ஆவர்த்தம் அதிகமாக ஸ்வரம் பாடுவதுபோல அங்கே யாரும் எதையும் கூட்டிவிட முடியாது. கோல் பிடித்து முன்னே நிற்கும் நடத்துனரும் அந்தக் காகிதத்துக்குக் கட்டுப்பட்டவர்தான்.

அப்படியானால் ஒரு ஸிம்பொனியின் எல்லா ரிகார்டுகளும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. பீத்தோவன் இயற்றி, 1824-ஆம் வருஷம் வியன்னா நகரில் அரங்கேறிய ஒன்பதாவது ஸிம்பொனியை எடுத்துக்கொள்வோம். புர்ட்வெங்லர் என்ற ஜெர்மானியர் 1951-இல் பைராய்ட் என்ற ஊரில் அதை நடத்தினார். சுமார் 74 நிமிஷம். டாஸ்கனீனி என்ற இத்தாலியர் 1952-இல் நியூயார்க்கில் நடத்திய ரிகார்டு சுமார் 65 நிமிஷம். காகிதம் ஒன்று, ஸ்வரங்கள் அவையே. ஆனாலும் ஒன்பது நிமிஷ வித்தியாசம்! பீத்தோவனே தம் ஸிம்பொனிகளுக்கு இன்ன வேகம் என்று கடிகாரக் கணக்குப்போல எண் குறித்துக் கொடுத்திருக்கிறார். அந்த எண்கள் சரியா, அவற்றுக்கு அப்படியே கட்டுப்பட வேண்டுமா என்று இன்றளவும் அங்கே வாக்குவாதம் ஓயவில்லை.

இந்த இரண்டு ரிகார்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். டாஸ்கனீனியின் வாசிப்பில் ஓடும் நதியின் விசை. புர்ட்வெங்லரிடம் பெருத்த ஏரி கரையை நோக்கி மெதுவாக ஏறும் கனம். எது பீத்தோவன்? இரண்டுமே பீத்தோவன்தான். ஒன்றை மட்டும் கேட்டவருக்குத் தெரிவது டாஸ்கனீனி அல்லது புர்ட்வெங்லர். இரண்டையும் கேட்டவருக்கே இருவருக்கும் பின்னால் நிற்கும் பீத்தோவன் தெரிய ஆரம்பிக்கிறார். மேல்நாட்டு ரஸிகர்கள் ஒரே ஸிம்பொனிக்குப் பத்து ரிகார்டுகளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு ஒப்பிட்டு மகிழ்வதன் ரகஸியம் இதுவே.

எழுதிவைத்த ஸங்கீதத்தின் கதி இதுவானால், எழுதாக் கிளவியாக வாய்வழி வந்த நம் ஸங்கீதத்தைப் பற்றி என்ன சொல்வது?

ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் 1847-இல் ஸித்தி அடைந்தார். அவருடைய கீர்த்தனங்கள் சிஷ்யர்களின் மூலமாகவே நமக்குக் கிடைத்தன. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று வழிகளைப் பெரியோர்கள் குறிப்பிடுவார்கள். ஒரே கீர்த்தனம் ஒரு வழியில் ஆறு ஸங்கதிகளுடனும், மற்றொரு வழியில் மூன்று ஸங்கதிகளுடனும் வரலாம், எடுப்பு மாறலாம், சில வேளைகளில் ராகத்தின் சாயலே மாறலாம். இதற்குப் பாடாந்தரம் என்று பெயர். இது பிழையல்ல, ஒரே நதி மூன்று கால்வாய்களாகப் பிரிந்து மூன்று ஊர் வயல்களுக்குப் பாய்ந்ததுதான்.

நம்மவர்கள் எழுதிவைக்க முயலவில்லை என்பதும் சரியல்ல. சின்னசாமி முதலியார் என்ற பட்டதாரி 1893-இல் நம் கீர்த்தனங்களை ஐரோப்பியர்களுடைய ஐந்து கோட்டுக் குறியீட்டிலேயே அச்சிட்டுப் புஸ்தகமாக வெளியிட்டார். சுப்பராம தீக்ஷிதர் எட்டயபுரத்தில் 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி' என்ற மகத்தான நூலை 1904-இல் வெளியிட்டார். கமகங்களுக்குக்கூட அதில் தனித்தனி அடையாளங்கள் உண்டு. ஆனால் காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! எழுத்து வந்து சேர்ந்த அதே சமயத்தில், அதைத் தோற்கடிக்கக்கூடிய யந்திரமும் வந்து சேர்ந்தது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி கொம்புக் குழாயின் முன் நின்று பாடி, முடிவில் தம் பெயரையும் உரக்கச் சொன்னார். சில வருஷங்களுக்குள் அந்தக் கொம்பு தென்னாட்டுக்கும் வந்துவிட்டது. காஞ்சீபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி முதலியவர்களின் குரல்கள் அப்படித்தான் அரக்குத் தட்டுகளில் ஏறின.

தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை. இரவு முழுதும் தோடி வாசிக்கக்கூடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் அந்தச் சில நிமிஷங்களுக்குள் தம் தோடியைச் சுருக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. கீர்த்தனமானால் சில ஸங்கதிகளை விட வேண்டும். நிரவல் போக வேண்டும். சில சமயம் ஒரு சரணத்துக்கே இடமிருக்காது. ஐரோப்பாவிலும் இந்த நெருக்கடி உண்டு. 1913-இல் நிகிஷ் என்பவர் பெர்லினில் பீத்தோவனின் ஐந்தாவது ஸிம்பொனியைப் பதிவு செய்தபோது அதை எட்டுப் பக்கங்களாக வெட்ட வேண்டியிருந்தது. ஆனால் அங்கே காகிதம் இருந்ததால், வெட்டிய இடம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கேயோ, பிளேட்டில் இருப்பதே பாட்டு முழுவதும் என்று ஜனங்கள் நம்பத் தலைப்பட்டார்கள்.

ரிகார்டு வேலைக்காரனாக வந்து எஜமானனான கதைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆபேரி ராகத்தில் தியாகராஜரின் 'நகுமோமு' கீர்த்தனத்தைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. முசிரி சுப்பிரமணிய ஐயர் உருகிப் பாடிய கிராமபோன் பிளேட்டே அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அந்த ராகத்தில் தைவதம் என்ற ஸ்வரத்துக்கு இரண்டு நிலைகள் சொல்லப்படுகின்றன. பழைய வழியில் அது தாழ்ந்த நிலையில் நிற்கும் சுத்த தைவதம். முசிரியின் பாட்டில் ஒலித்தது உயர்ந்து நிற்கும் சதுச்ருதி தைவதம். இன்று ஆபேரி என்றால் சதுச்ருதி தைவதந்தான். பழைய தைவதத்தை வைத்துப் பாடினால், "ஐயோ பாவம், ஸ்வரம் தப்பிவிட்டது" என்று சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். முசிரியின் பாட்டு அமரத்துவம் வாய்ந்தது. அதில் எனக்கு யாதொரு சந்தேகமும் இல்லை. ஆனால் ஒரு பாட்டு அழகாயிருப்பது, மற்றொரு பாட்டைத் தப்பாக்கிவிடாது.

இது வெறும் வித்வத் சபைப் பிரச்னை அல்ல. சில வருஷங்களுக்கு முன், பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓரிடத்தில் நடந்த பாட்டுப் போட்டிக்கு எங்கள் மாணவிகளை அழைத்துச் சென்றிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பாட்டியிடம் கற்றுக்கொண்ட கீர்த்தனம் ஒன்றைப் பாடினாள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம். காலம் மட்டும் சற்று நிதானம், ஸங்கதிகள் குறைவு. ஆனால் உள்ள ஸங்கதிகள் ஒவ்வொன்றும் ஒரு கொடியில் அடுத்தடுத்து அரும்பு விடுவதுபோல வந்தன. நீதிபதியாக இருந்தவர், "ரிகார்டில் இப்படி இல்லையே, அம்மா! அதைக் கேட்டுச் சரி செய்துகொண்டு அடுத்த வருஷம் வா" என்றார். பாட்டி யாரிடம் கற்றார், அவருடைய குரு எந்த வழி என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பெண் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள், பாட்டுக்குக் கொடுக்கவில்லை. ஒரு கால்வாய் தூர்ந்து போவது இப்படித்தான். ஏரி உடைந்தால் ஊரே கூடிவிடும்; கால்வாய் தூர்ந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

இனி, ரிகார்டே இல்லாத ஒரு மகாவித்வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 வரை காஞ்சீபுரமும் எங்கள் மதுராந்தகமும் ஒரே ஜில்லாவில்தான் இருந்தன. ஆகவே அவரை எங்கள் ஊர்க்காரர் என்று நான் உரிமை கொண்டாடினால் நேயர்கள் ஆக்ஷேபிக்க மாட்டார்கள். அவர் காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை. 1889 முதல் 1934 வரை வாழ்ந்தவர். கொம்பின் முன் பாடிய தனகோடி அம்மாளின் சகோதரி மகன். பெரியம்மாவின் குரல் பிளேட்டில் இருக்கிறது. பிள்ளையின் குரல் இல்லை. லயத்தில் சிங்கம் என்று பெயர் பெற்றவர். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று ஒரு பரிவாரமே சூழ்ந்திருக்க, நடுவில் அமர்ந்து பாடுவார். 'புல் பெஞ்சு' கச்சேரி என்று அதற்கு ஜனங்கள் பெயர் வைத்தார்கள். அந்தப் பரிவாரத்தை மூன்று நிமிஷக் கொம்புக்குள் எப்படி அடைப்பது?

மேல்நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். செலிபிடாக்கே என்ற நடத்துனர், ரிகார்டுக்காக வாசிப்பதையே வெகுகாலம் வெறுத்து ஒதுக்கியவர். ஆனால் அவருடைய கச்சேரிகளை ரேடியோ நிலையங்கள் பதிவு செய்து வைத்திருந்தன; 1996-இல் அவர் இறந்த பிறகு அவை வெளிவந்தன. நாயனாப் பிள்ளைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் ஏற்பட்டதே 1938-இல்தான்.

அப்படியானால் நாயனாப் பிள்ளையின் ஸங்கீதம் மறைந்துபோயிற்றா? இங்கேதான் ரிகார்டுகளை ஒப்பிட்டுக் கேட்பதன் முழுப் பயனும் தெரிகிறது. அவரிடம் பல வருஷம் இருந்து கற்றவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. ஆனந்தபைரவியில் அவர் பாடிய 'மதுரா நகரிலோ' என்ற ஜாவளி கிராமபோனில் பிரசித்தி பெற்றது. சித்தூராரின் சிஷ்யர் மதுரை சோமு. 1972-இல் 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகனைப் பாடித் தமிழ்நாட்டையே எழுந்து உட்காரச் செய்த அதே சோமுதான். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தாவும் காஞ்சீபுரம் சென்று நாயனாப் பிள்ளையிடம் கற்றவர். சிறுமியாக அவருடைய கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்து, அவர் நடத்திய போட்டியில் பரிசும் பெற்றவர் டி. கே. பட்டம்மாள். அவர்தான் பின்னாளில் பல்லவி பாடும் துறையில் பெண்களுக்கு வழி திறந்தவர். பாரதியின் பாடல்களைத் தேசமெங்கும் கொண்டு சென்றவர்.

இவர்களுடைய ரிகார்டுகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். பிருந்தாவின் பாட்டு நிதானம். ஒவ்வொரு ஸ்வரமும் அசைந்து அசைந்து வரும் தேர். சோமுவின் பாட்டு வெள்ளம். ஆவேசம், அழுகை, அதட்டல் எல்லாம் உண்டு. பட்டம்மாளின் பாட்டு கட்டுக்கோப்பு. ஓர் இடத்தில்கூடத் தளர்ச்சி இராது. மூவரும் மூன்று திசை. ஒருவரை மட்டும் கேட்டவர், 'காஞ்சீபுரத்து வழி இதுதான்' என்று சத்தியம் செய்வார். மூவரையும் கேட்டவருக்கு வேறொன்று விளங்கும். காலப்பிரமாணத்தில் மூவருக்கும் ஒரே பிடி. பல்லவியை எந்த நடையில் எடுத்தார்களோ, அது சரணம் முடியும் வரை இம்மியும் அசைவதில்லை. தாளத்துக்காகச் சாஹித்யத்தை நசுக்குவதுமில்லை; சாஹித்யத்துக்காகத் தாளத்தை இழுப்பதுமில்லை. இந்த மூன்று வேறுபட்ட குரல்களுக்கும் பொதுவாக நிற்கும் அந்தப் பிடியில்தான், ஒரு பிளேட்டும் விட்டுச் செல்லாத நாயனாப் பிள்ளை இன்னும் இருக்கிறார் என்பது என் நம்பிக்கை.

ஒப்பிட்டுக் கேட்கப் புகுவோருக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வேகம். பழைய பிளேட்டுகளுக்கு நிமிஷத்துக்கு 78 சுற்று என்று பேர்தான். ஆதிநாளில் பதிவானவை பல அதற்குக் கூடவும் குறையவும் சுழன்றவை. இன்று அவற்றைக் கணினியில் ஏற்றுகிறவர் வேகத்தைக் கவனியாமல் ஏற்றிவிட்டால், நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினாலும் சுருதி சுமார் அரைக்கட்டை ஏறிவிடும். பாடகர் அவசரக்காரர் என்று நாம் முடிவு கட்டுவோம். அவசரம் அவருடையதல்ல, யந்திரத்தினுடையது.

இரண்டாவது, கொம்பும் மைக்கும். 1925-க்குப் பிறகே மின்சார முறையில் பதிவு செய்வது பரவியது. அதற்கு முன் கொம்பை நோக்கி உரக்கப் பாடியாக வேண்டும். மிருதங்க நாதம் அதில் சரியாக விழாது. ஆகவே கொம்புக் காலத்து ரிகார்டில் மெல்லிய கமகம் கேட்கவில்லை என்றால், பாடியவருக்கு அது வராது என்று பொருளல்ல.

மூன்றாவது, நேரம். மூன்று நிமிஷப் பிளேட்டையும், நான்கு மணி நேரக் கச்சேரியில் பதிவான அதே பாட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒரே வித்வானின் பிளேட்டையும் கச்சேரிப் பதிவையும் முதலில் ஒப்பிட்டுப் பார்த்தால், அவர் எதைச் சுருக்கினார், எதைக் கைவிட மறுத்தார் என்பது தெரியும். கைவிட மறுத்ததுதான் அந்தப் பாட்டின் உயிர் என்று அவர் நினைத்தது.

நான்காவது, வயது. இருபது வயதுக் குரலையும் அறுபது வயதுக் குரலையும் ஒப்பிடும்போது குரலை விட்டுவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். இளமையில் பாடிய ஸங்கதிகளில் எவை முதுமையிலும் தங்கின என்று கவனியுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, "எது நன்றாயிருக்கிறது?" என்று தாராளமாகச் சொல்லலாம். அது ரஸிகனின் பிறப்புரிமை. "எது சரி?" என்ற கேள்விக்கு மட்டும் சற்றுத் தயங்குவது நல்லது.

எங்கள் ஊர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். கரைமேல் நின்றால்தான் ஏரியின் விஸ்தாரம் தெரியும். கீழே வயலில் நிற்கிறவனுக்குத் தன் மதகின் வழியே வரும் நீர் மட்டுமே தெரியும். அவனுக்கு அதுவே ஏரி. ஒவ்வொரு ரிகார்டும் ஒரு மதகு. அதன் வழியே வரும் நீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உபயோகிப்போம். ஆனால் அடுத்த மதகில் வருவது வேறு ஏரித் தண்ணீர் என்று சொல்லாதிருப்போம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வீடுகளில் எத்தனையோ பாட்டிமார்களும், அத்தைமார்களும், ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார்களும் இருப்பார்கள். ஒரு கீர்த்தனமோ, நலங்குப் பாட்டோ, ஊஞ்சல் பாட்டோ அவர்களிடம் தனி வழியாகத் தங்கியிருக்கும். இப்போது எல்லோர் கையிலும் பதிவு செய்யும் யந்திரம் இருக்கிறது. மூன்று நிமிஷக் கட்டுப்பாடும் கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களை உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள். குரல் கட்டியிருக்கிறது, பல் இல்லை என்று சாக்குச் சொல்வார்கள், விடாதீர்கள். பாடி முடித்ததும், கௌஹர் ஜான் செய்ததுபோலவே, அவர்கள் பெயரையும், யாரிடம் எந்த ஊரில் கற்றார்கள் என்பதையும், அன்றைய தேதியையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பிறகு ஒரு நாள் உங்கள் பேத்தி போட்டியில் அதைப் பாடும்போது, "ரிகார்டில் இப்படி இல்லையே, அம்மா!" என்று யாராவது சொன்னால், "இருக்கிறது, இதோ கேளுங்கள்" என்று அவள் எடுத்துக் காட்டலாம்.